வெள்ளிப் பறவை மிதந்தது

“அவளை விடக்கூடாது. கையில விலங்கு மாட்டி என் கண்ணு முன்னால ஜீப்புல ஏத்தணும். அதைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்!”

தலைவர் கத்திய கத்தலில் குளுக்கோஸ் பாட்டில் ஆடியது. காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. மற்றபடி உடம்பில் எந்தக் குறையும் இல்லை. தொண்டையில் நிச்சயமாக இல்லை.

“சித்தி, கட்டுப் போடறவங்க கொஞ்சம் மேலேயும் போட்டிருக்கலாம். வாய் வரைக்கும்” என்று அவள் காதோரம் முணுமுணுத்தேன்.

“ஓட்டவாய், சும்மா இரு” என்றாள் சித்தி.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை. வேலையில் இருந்த காலம் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, தானாக மோதியதா, மோத வைத்தார்களா என்று சொன்னவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை, அவளைப் போலீஸும் விடவில்லை. நான் அவளுக்கு டிரைவர், பை தூக்குபவன், திட்டு வாங்குபவன். எந்த வாய்க்காக நான் வேலை பார்த்த கம்பெனிகள் எல்லாம் என்னை வீட்டுக்கு அனுப்பினவோ, அதே வாய்க்காகத்தான் சித்தி என்னைக் கூடவே வைத்திருக்கிறாள். நான் உளறும்போதுதான் அவளுக்கு யோசனை ஓடுமாம்.

கட்டிலில் கிடந்தவர் பழைய கார் பிரியர்கள் கிளப்பின் தலைவர். வருஷத்துக்கு ஒரு முறை இந்த நண்பர்கள் கூட்டம் தாத்தா காலத்து கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வரிசையாக மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு வரும். ஏரி, பள்ளத்தாக்கு, பனி, போட்டோ. இந்த வருஷம் கூடவே ஒரு விபத்து. நேற்றுக் காலை இறக்கத்தில் தலைவரின் நீல நிறக் காருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு வளைவில், ரோடு வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த மணல் மேட்டில் போய் முட்டியது. மணல் இல்லாவிட்டால் கீழே பள்ளம்தான்.

“பிரேக் பைப்பை யாரோ ரம்பத்தால வெட்டின மாதிரி இருக்கு மேடம்” என்றார் இன்ஸ்பெக்டர். நெட்டையான, பொறுமையான மனிதர். “கிளப்புல கறுப்பு வண்டி வெச்சிருக்கற டீச்சரோட டூல்ஸ் பெட்டியில ஒரு ரம்பம் கிடைச்சுது. அதோட முந்தா நாள் எல்லார் முன்னாடியும் இவரை மிரட்டியிருக்காங்க. நீங்க வண்டியைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா, சாயந்திரமே அவங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“சாயந்திரம் வரைக்கும் எதுக்கு?” என்று தலைவர் மறுபடி எகிறினார். “மேடம், என் வண்டிக்கு ஒரு தடவை நீங்கதான் மதிப்புப் போட்டீங்க. உங்க வார்த்தையை யாரும் தட்ட மாட்டாங்க. அதனாலதான் உங்களையே கூப்பிடச் சொன்னேன். அந்தப் பொம்பளை உள்ள போகணும். வெளியவே வரக்கூடாது.”

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்த தலைவரின் மனைவி பெருமூச்சு விட்டார். “ஏதோ நல்ல நேரம் மேடம். இந்த வருஷம்தான் நானும் முதல் தடவையா வந்தேன், தினமும் அவர் பக்கத்து சீட்டு எனக்குத்தான். நேத்து மட்டும் என்னவோ, லக்கேஜ் வேன்ல முன்னாடி போன்னுட்டார். இல்லேன்னா பக்கத்துக் கட்டில்ல நானும் படுத்திருப்பேன்.”

“ரொம்பப் பயந்துட்டீங்களா?” என்றாள் சித்தி.

“உயிரே போயிடுச்சு. இவர் கண்ணு முழிச்சதும் என்னைத் தேடுவார்னு நெனச்சேன். லக்கேஜ் வேன்ல இருந்த தன்னோட பையைத் தேடினார்.”

“எங்க வீட்லயும் அப்படித்தாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தா என் மனைவி முதல்ல டி.வி. ரிமோட் எங்கன்னுதான் தேடுவா” என்றேன். சித்தி என் காலை மிதித்தாள். புறப்படு என்று அதற்கு அர்த்தம்.

நீல நிறக் காரை இழுத்துவந்து அவர்கள் தங்கியிருந்த விடுதியின் பின்முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. மற்ற பழைய கார்கள் ஒரு பக்கமாக வரிசையில் நின்றன. கடைசியில் தனியாக ஒரு கறுப்பு வண்டி. அதன் படியில் ஒரு பெண்மணியும், சற்றுத் தள்ளி அவருக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிளும் உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தி முட்டிவலியைத் திட்டிக்கொண்டே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் நகர்ந்தது.

“வெட்டினதுதான்” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “முழுசா வெட்டல. கொஞ்சம் விட்டு வெச்சிருக்காங்க. மிதிக்க மிதிக்க எண்ணெய் கசிஞ்சு தீர்ந்து போற மாதிரி.”

“அப்போ டீச்சர் கதை முடிஞ்சுது” என்றேன்.

“ரம்பம் இருந்த பெட்டிக்குப் பூட்டு உண்டா?”

“கிடையாது. யார் வேணும்னாலும் எடுக்கலாம், வைக்கலாம். அதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா, ‘டீச்சரும் எடுக்கலாம்தானே’ங்கறார். நியாயமாத்தான் இருக்கு.”

மோதியதில் கழன்று விழுந்த சாமான்களை ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். உடைந்த விளக்கு, நெளிந்த கண்ணாடி, அதோடு வண்டியின் மூக்கு நுனியில் இறக்கை விரித்து நிற்கும் வெள்ளிப் பறவை. சித்தி வெளியே வரும் வரை எனக்குப் பொழுது போக வேண்டுமே. பறவையை எடுத்து உள்ளங்கையில் பறக்கவிட்டு விளையாடினேன். கை நழுவி, வண்டி கழுவ வைத்திருந்த டிரம் தண்ணீரில் விழுந்தது.

“போச்சு! சித்தி, ஆதாரத்தை மூழ்கடிச்சுட்டேன்!”

எட்டிப் பார்த்தேன். பறவை மூழ்கவில்லை. வாத்துக் குஞ்சு போலத் தண்ணீர் மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

முகத்தில் கிரீஸோடு வெளியே வந்த சித்தியும் எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஓட்டவாய், உனக்கு ஓட்டைக் கையும் இருக்கறது எவ்வளவு நல்லதாப் போச்சு! இந்த வண்டிக்கு மதிப்புப் போட்டப்போ அந்தப் பறவையைக் கழட்டி என் கையில குடுத்தார் மனுஷன். கெட்டி வெண்கலம். மேல வெள்ளி முலாம். மணிக்கட்டே வலிச்சுது. வண்டியை விட இதுக்குத்தான் மதிப்பு அதிகம், இந்த மாதிரி இன்னொண்ணு எங்கேயும் கிடையாதுன்னார்.”

நான் பறவையை எடுத்து நகத்தால் சுரண்டினேன். வெள்ளி வண்ணம் உரிந்து, உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது.

“அப்போ நேத்து மோதினது இந்த பிளாஸ்டிக் பறவை. நிஜப் பறவை முன்னாடியே பறந்துடுச்சு.”

“பறக்க விட்டது யாரு? பைப்பை வெட்டின ஆளுக்கு வண்டி நொறுங்கப்போகுதுன்னு தெரியும். நொறுங்கட்டும்னு விட்டுட்டாங்க. ஆனா பறவைக்கு மட்டும் ஒரு கீறல் விழறதுக்கு மனசு வரல. ராத்திரியோட ராத்திரியா மாத்தியிருக்காங்க.”

“ஆள் போனாலும் பரவாயில்ல, பறவை போகக்கூடாது. என்ன ஒரு கருணை உள்ளம்!”

“இந்தப் பழைய கார்ப் பைத்தியம் பிடிச்சவங்களைத் தவிர வேற யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க” என்று சித்தி கையைத் துடைத்துக்கொண்டாள். “வா. டீச்சருக்கு அந்தப் பைத்தியம் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்.”

டீச்சர் கறுப்பு வண்டியின் படியில் உட்கார்ந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, நரை கலந்த பின்னல். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“பழி வாங்கத்தான் வந்தியான்னு கேக்கப்போறீங்க. ஆமா, பழி வாங்கத்தான் வந்தேன். உட்காருங்க.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“யார் மேல பழி?” என்றாள் சித்தி, படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து.

“தலைவர் மேலதான். போன வருஷம் என் வீட்டுக்காரர் இந்த வண்டியில அவருக்கு அடுத்தாப்பல வந்தார். கிளப்புக்கு ஒரே ஒரு விதிதான் மேடம். பின்னால வர்ற வண்டி உன் பொறுப்பு. ரோடு எங்க பிரிஞ்சாலும் நிக்கணும், கண்ணாடியில அது தெரிஞ்ச பிறகுதான் திரும்பணும். பழைய வண்டியில்ல, எது எங்க நின்னு போகும்னு சொல்ல முடியாது. அன்னிக்கு இவங்க ரெண்டு வண்டிதான் கடைசி. சாயந்திரம் எல்லா வண்டியும் வந்து சேர்ந்துச்சு. இவர் வண்டி மட்டும் வரல. தலைவரைக் கேட்டோம். ‘பிரிவு வரைக்கும் கண்ணாடியில பார்த்தேன், அவனாத்தான் லைட்டைப் போட்டுக் காட்டிட்டு ஏரி ரோட்டுல திரும்பினான்’னார்.”

“நீங்க ஏரி ரோட்டுல தேடினீங்க.”

“எல்லாரும் தேடினோம். அவர் பேரைச் சொல்லிக் கத்தினோம். வண்டி ஏரிப்பக்கம் போகவே இல்ல மேடம். பிரிவுக்கு முன்னாடி இருக்கற வளைவுலயே கீழ விழுந்து கிடந்துச்சு. மறுநாள் காலையில ரோட்டு வேலைக்காரங்க பார்த்துச் சொன்னாங்க. ரொம்ப நேரம் உயிரோட இருந்திருக்கார்னு டாக்டர் சொன்னார்.” டீச்சர் பிளக்கை இன்னும் அழுத்தித் துடைத்தார். “அவரும் எங்களைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பார். நாங்க வேற ரோட்டுல கத்திட்டிருந்தோம்.”

ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுச் சுளையை மென்றபடி, இவரை ஜீப்பில் ஏற்றச் சொன்ன முகம் கண் முன்னால் வந்தது.

“அவர் பொய் சொல்றார்னு எனக்குத் தெரியும். நிரூபிக்க வழி இல்ல. கண்ணாடியில என்ன தெரிஞ்சுதுன்னு அவருக்கு மட்டும்தானே தெரியும்? அதனால பள்ளத்துல கிடந்த இந்த வண்டியைத் தூக்கி ரிப்பேர் பண்ணினேன். அதே கறுப்பு, அதே மஞ்சள் லைட்டு. இந்தத் தடவை முதல் நாள்ல இருந்து அவருக்கு நேர் பின்னால ஓட்டினேன். மெதுவாப் போனா மெதுவா, வேகமாப் போனா வேகமா. கண்ணாடியைப் பார்க்கறப்பல்லாம் அவருக்கு இந்த வண்டி தெரியணும். அவ்வளவுதான் மேடம் என் பழி.”

“அவர் என்ன பண்ணினார்?”

“முதல் நாள் சிரிச்சார். அடுத்த நாள் கண்ணாடியை மேல திருப்பி வெச்சுட்டார். அப்புறம் நான் வந்து உட்கார்ந்தா சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்து போக ஆரம்பிச்சார். முந்தா நாள் எல்லார் முன்னாடியும், ‘எதுக்கு என் பின்னாலயே வர்றே’ன்னு கத்தினார். ‘கடைசி வரைக்கும் வருவேன், நீங்க உண்மையைச் சொல்ற வரைக்கும் வருவேன்’னேன். அதைத்தான் இன்ஸ்பெக்டர் மிரட்டல்னு எழுதிக்கிட்டார்.”

“அவரோட வெள்ளிப் பறவையைப் பார்த்திருக்கீங்களா?”

“பார்க்காம? பின்னாலயே போனவளுக்கு அவர் முதுகும் தெரியும், பறவையும் தெரியும்.”

“கையில கிடைச்சிருந்தா பத்திரமா எடுத்து வெச்சிருப்பீங்களா?”

டீச்சர் சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். “பத்திரமாவா? சுத்தியலைத் தேடியிருப்பேன்.”

சித்தி எழுந்தாள். நடக்கும்போது என்னிடம் சொன்னாள்: “வெறுக்கறவங்க பறவையையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்க. காப்பாத்தினது அதை நேசிக்கற ஆளு.”

“அப்படிப் பார்த்தா கிளப்புல அத்தனை பேரும்தான் நேசிக்கறாங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத நேரத்துல அதைக் கண்ணாலயே நக்கியிருப்பாங்க.”

“அதான் அத்தனை பேரையும் பார்க்கப் போறோம்.”

சாப்பாட்டு அறையில் கிளப் நண்பர்கள் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். நண்பர் மேல் இருந்த அக்கறையை விட, பயணம் பாதியில் நின்றுபோன கடுப்புதான் முகங்களில் அதிகம் தெரிந்தது. எல்லாருக்கும் சேர்த்துப் பேசியவர் ஒரு பல் டாக்டர். அவருடைய வெள்ளைக் கோட்டின் மார்பில் பெரிதாக ஒரு காபிக் கறை.

“டீச்சரை இந்தத் தடவை சேர்த்ததே தப்பு. பாவம் பார்த்தோம். பாருங்க, தலைவரைப் பள்ளத்துல தள்ளப் பார்த்துட்டாங்க. கிளப் பேரே நாறிப்போச்சு. சீக்கிரம் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

“சொல்றேன்” என்று சித்தி அவர் எதிரில் உட்கார்ந்தாள். “கோட்டுல என்ன டாக்டர் கறை?”

“இதுவா? நேத்துக் காலையில கிளம்பறப்போ ஆனது. தலைவர் திடுதிப்புன்னு ஹாரன் அடிச்சார். தூக்கிவாரிப்போட்டு, காபி முழுக்க மேல கொட்டிக்கிட்டேன்.”

“கிளம்பும்போது ஹாரன் அடிக்கறது வழக்கம்தானே?”

“ஹாரனா?” பல் டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. “மேடம், ஹாரன் அடிச்சுக் கிளம்பறதுக்கு நாங்க என்ன லாரி டிரைவருங்களா? எங்க கிளப்புக்குன்னு ஒரு அழகான முறை இருக்கு. காலையில எல்லா வண்டியும் வரிசையில நின்னதும் தலைவர் இறங்கி வந்து, சின்ன ஸ்பேனரால அந்த வெள்ளிப் பறவையை ஒரு தட்டுத் தட்டுவார். கணீர்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, கடைசி வண்டி வரைக்கும் கேக்கும். அது கேட்ட பிறகுதான் நாங்க இன்ஜினையே எழுப்புவோம்.”

“தினமும்?”

“தினமும். தலைவரான நாள்ல இருந்து. வேற யாரையும் தொட விட மாட்டார்.”

“நேத்து?”

பல் டாக்டர் கோப்பையை மேஜை மேல் வைத்தார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நேத்து தட்டல” என்றார் மெதுவாக. “வண்டியை விட்டு இறங்கவே இல்ல. ஹாரன்தான் அடிச்சார்.”

சித்தி தேநீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். எனக்கு விஷயம் புரிய அதற்குள் நேரம் கிடைத்தது. பிளாஸ்டிக்கைத் தட்டினால் கணீர் என்று கேட்காது. ‘டொக்’ என்று கேட்கும்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு” என்றாள் சித்தி. “டீச்சரையும் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வரட்டும். விலங்கு வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கட்டும்.”

நாங்கள் அறைக்குள் நுழைந்ததும் தலைவர் தலையணையிலிருந்து எழும்பினார். “முடிஞ்சுதா? அவ ஒத்துக்கிட்டாளா?”

“பைப்பை வெட்டினது ரம்பம்தான்” என்றாள் சித்தி. “அதுல சந்தேகமே இல்ல.”

“சொன்னேனே! கேட்டியா?” என்று மனைவியிடம் திரும்பினார். “இவளை நான் சும்மா விடறதில்ல. இருக்கற வீட்டை விட்டுக் கிளப்பறேன், வேலையை விட்டுக் கிளப்பறேன். ஊர்ல ஒருத்தன் இவகூடப் பேசக்கூடாது.”

“இன்னொரு விஷயம் சார். வண்டியில இருந்தது போலிப் பறவை. நிஜப் பறவையை முன்னாடியே யாரோ கழட்டி எடுத்திருக்காங்க.”

அவர் கண் ஒரு கணம் நிலைகுத்தியது. “அவதான். வேற யாரு? திருட்டுப் புத்தியும் இருக்கா?”

“டீச்சர் ரூம்லதான் கிடைச்சுது. ஆனா…” சித்தி தயங்குகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். சினிமாவில் சேர்ந்திருந்தால் இந்நேரம் அவளுக்குத் தனி வேன் இருந்திருக்கும். “எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போலீஸைப் பார்த்ததும் சுத்தியலால அடிச்சு நொறுக்கிட்டாங்க. துண்டு துண்டாத்தான் எடுத்தோம்.”

தலைவரின் வாய் அசைவதற்கு முன்னால் கை அசைந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக இருந்த பயணப் பையின் மேல் போய் அழுத்திப் பார்த்தது. உள்ளே ஏதோ கெட்டியாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பறவை நொறுங்கிப்போன செய்தியைக் கேட்டு நிம்மதி அடைகிற மனிதரை அன்றுதான் நான் பார்த்தேன்.

அப்புறம்தான் அவருக்குக் கத்த வேண்டும் என்று ஞாபகம் வந்தது. “பாவி! என் பறவையையா?”

“ரொம்ப லேட் சார்” என்றேன் நான். “முதல்ல கத்திட்டு அப்புறம் பையைத் தொட்டிருக்கணும்.”

“என்ன உளர்றான் இவன்?”

“அந்தப் பையைக் குடுங்க” என்றாள் சித்தி.

“என் பையைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது!”

“எனக்கு இருக்கு” என்றார் அவர் மனைவி.

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆரஞ்சுத் தோலை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, கணவரின் கையை விலக்கி, பையைத் தூக்கினார். சட்டைகளுக்கு அடியில் ஒரு துண்டு சுருட்டி இருந்தது. பிரித்தார். இறக்கை விரித்த பறவை, ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது.

நான் மேஜை மேலிருந்த ஸ்பூனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். கணீர் என்று அறை முழுக்கக் கேட்டது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வராந்தாவிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“நேத்துக் காலையில இந்தச் சத்தம் வரலையே சார்” என்றாள் சித்தி. “தினமும் தட்டறவர் நேத்து மட்டும் ஏன் தட்டல? தட்டினா போலின்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும். பறவை மாறினது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஏன்னா மாத்தினதே நீங்கதான். பைப்பை வெட்டினதும் நீங்கதான். மணல் மேடு எங்க இருக்குன்னு முன்னாடியே பார்த்து வெச்சிருக்கீங்க. மெதுவா முட்டி நிறுத்தலாம்னு கணக்குப் போட்டீங்க. பாரமான வண்டி, இறக்கம். கணக்குத் தப்பிக் கால் போச்சு. வண்டி போனாலும் பரவாயில்ல, டீச்சர் உள்ள போகணும். ஆனா பறவையைக் குடுக்க மட்டும் மனசு வரல.”

“கதை! யாரோ பையில வெச்சிருக்காங்க. இவங்க எல்லாம் சேர்ந்து…”

“அதுக்குத்தான் என்னை வேன்ல ஏத்திவிட்டீங்களா?”

மறுபடியும் மனைவிதான். துண்டு இன்னும் அவர் கையில் இருந்தது. தலைவர் அவரைப் பார்த்தார்.

கதவருகில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் டீச்சர். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று நான் கவனிக்கவில்லை. டீச்சர் நேராக உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பிரேக், பறவை, அதெல்லாம் இவங்க பார்த்துக்கட்டும். எனக்கு வேண்டாம். போன வருஷம் கண்ணாடியில என்ன தெரிஞ்சுது?”

“நான் அப்பவே சொன்னேனே…”

“சொல்லுங்க” என்றார் அவர் மனைவி. “இல்லேன்னா நான் இப்பவே எழுந்து போயிடறேன். இனிமே வர மாட்டேன்.”

தலைவர் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் வேறு இடம் இல்லாமல் தன் மாவுக்கட்டைப் பார்த்தார்.

“லைட்டு ரெண்டும் தெரிஞ்சுது” என்றார். தொண்டையிலிருந்த அந்தக் கத்தல் எங்கே போனதோ, காற்று மாதிரி குரல் வந்தது. “வளைவுல திரும்பறப்போ தெரிஞ்சுது. அப்புறம் தெரியல.”

“பிரிவுல நின்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“அன்னிக்குக் காலையில ஏத்தத்துல என்னை முந்திட்டுப் போனான். எல்லாரும் கை தட்டினாங்க. தலைவரையே முந்திட்டான்னு சிரிச்சாங்க. சாப்பாட்டுக்கு நிறுத்தின பிறகுதான் மறுபடி என் பின்னால வந்தான்.” அவர் உதட்டை நக்கிக்கொண்டார். “வண்டி எங்கேயோ நின்னுபோச்சுன்னுதான் நெனச்சேன். நிக்கட்டும், இருட்டற வரைக்கும் தனியா தவிக்கட்டும்னு விட்டுட்டேன். சாயந்திரம் எல்லாரும் கேட்டப்போ, விதியை மீறினேன்னு சொல்ல முடியல. ஏரி ரோடுன்னு வாயில வந்துடுச்சு. திரும்ப மாத்திச் சொல்ல முடியல.”

கை தட்டலுக்கு வந்த பொறாமை ஒரு மனுஷனைப் பள்ளத்தில் கிடந்து விடிய விடியக் கத்த வைத்திருக்கிறது. அவரை அப்படியே கட்டிலோடு புரட்டிப் போட வேண்டும் போல் இருந்தது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அழவில்லை. “சரி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கம்பியை விட்டுவிட்டு வெளியே போனார்.

தலைவரின் காலுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. மலையில் அந்த வசதி இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே காவலில் வைப்பதென்று இன்ஸ்பெக்டர் ஏற்பாடு செய்தார். வெயில் சாய்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இறக்கப் பாதை முழுக்க வளைவு, மெதுவாகத்தான் போக வேண்டும் என்று டிரைவர் சொன்னார். மனைவி பின்னால் அவரோடு ஏறவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் உறுமியது. கறுப்பு வண்டி மெல்ல நகர்ந்து வந்து ஆம்புலன்ஸுக்கு நேர் பின்னால் நின்றது. மஞ்சள் விளக்கு இரண்டும் பட்டப்பகலிலேயே எரிந்தன.

இன்ஸ்பெக்டர் ஜன்னலில் குனிந்தார். “எங்கம்மா கிளம்பிட்டீங்க? நீங்க வீட்டுக்குப் போகலாம். உங்க மேல கேஸ் எதுவும் கிடையாது.”

“வீட்டுக்குத்தான் சார் போறேன். எனக்கும் இதே ரோடுதான்.”

“முந்திட்டுப் போயிடுங்களேன். ஆம்புலன்ஸ் மெதுவாப் போகும்.”

“நானும் மெதுவாத்தான் போவேன். அவர் வண்டி போற வரைக்கும் பின்னாலயே போறேன். அது தப்பா சார்?”

இன்ஸ்பெக்டர் சித்தியைப் பார்த்தார். சித்தி வானத்தில் ஏதோ முக்கியமான மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்புன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல” என்றார் அவர்.

ஆம்புலன்ஸில் படுக்கிறவனுக்குத் தலை முன்பக்கம், கால் பின்பக்கம். கண் திறந்தால் எதிரே பின்கதவுக் கண்ணாடிதான். கழுத்தைத் திருப்பலாம் என்றால் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். தலைவர் விளக்குகளைப் பார்த்துவிட்டார். கை அந்தரத்தில் கார்க் கண்ணாடியைத் திருப்பி வைக்கத் தேடியது.

“அதை மூடுங்க! யாராவது அந்தக் கண்ணாடியை மூடுங்க!”

“இதுக்குத் திரையெல்லாம் கிடையாது சார்” என்று சொல்லி, உதவியாளர் கதவைச் சாத்தினார்.